எட்டுப் புள்ளிக்கு எத்தனை சதவீதம்?



கணிதத் துறை அறக்கட்டளைச் சொற்பொழிவு என்றால் இராமானுஜனில் தொடங்கி முடிவிலியில் முடிப்பது வழக்கம். நான் இன்று பெருக்கல் வாய்ப்பாட்டைத் தாண்டப் போவதில்லை. பட்டம் முடித்த நம் பிள்ளைகள் வேலைக்கோ மேற்படிப்புக்கோ ஆன்லைனில் விண்ணப்பிக்கும்போது 'சதவீதம்' என்று ஒரு கட்டம் வருகிறது. பொறியியல் படித்தவர் கையிலுள்ள தாளில் சதவீதம் இல்லை, பத்துக்கு இத்தனை புள்ளி என்று சி.ஜி.பி.ஏ. இருக்கிறது. வெளிநாட்டு விண்ணப்பத்திலோ கதை தலைகீழ். சதவீதம் வைத்திருப்பவரிடம், நாலுக்கு எத்தனை ஜி.பி.ஏ. என்று கேட்கிறார்கள். அந்தக் கட்டத்தில் எந்த எண்ணைப் போடுவது? விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் இதற்குத் தீர்ப்புச் சொல்கிறவர் பெரும்பாலும் நெட் சென்டரில் உட்கார்ந்திருக்கும் தம்பிதான். "பத்தால பெருக்கிப் போட்டுடலாம்ணா" என்பார். பல்கலைக்கழகச் சமானக் குழுக்கள் மாதக்கணக்கில் யோசிக்கிற விஷயத்தை அவர் அரை நொடியில் முடித்துவிடுகிறார். அவர் சொல்வது சில சமயம் சரி. சில சமயம் விண்ணப்பத்தையே கவிழ்த்துவிடும்.

கரும்பலகையில் இரண்டு மாணவர்களின் மதிப்பெண்களை எழுதுகிறேன். கற்பனை மாணவர்கள்தான். ஆனால் அளவுகோல் உண்மையானது. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2017ஆம் ஆண்டு ஒழுங்குமுறைப்படி 91 முதல் 100 வரை 'ஓ', அதற்கு 10 புள்ளி. 81 முதல் 90 வரை 'ஏ பிளஸ்', 9 புள்ளி. 71 முதல் 80 வரை 'ஏ', 8. அறுபத்தொன்று முதல் எழுபது வரை 'பி பிளஸ்', 7. ஐம்பது முதல் அறுபது வரை 'பி', 6. ஐம்பதுக்குக் கீழே போனால் மறுபடி எழுத வேண்டும், நம் பிள்ளைகள் மொழியில் அரியர்.

முதல் மாணவர் ஐந்து தாள்களில் வாங்கியது 91, 81, 71, 61, 50. கூட்டினால் 354. இரண்டாம் மாணவர் வாங்கியது 90, 80, 70, 60, 60. கூட்டினால் 360. ஐந்து தாளுக்கும் ஒரே கிரெடிட் என்று வைத்துக்கொள்வோம். முதலாமவருக்குத் தரப்புள்ளிகள் 10, 9, 8, 7, 6. சராசரி 8.0. இரண்டாமவருக்கு 9, 8, 7, 6, 6. சராசரி 7.2. ஆறு மதிப்பெண் அதிகம் எடுத்தவர் 0.8 புள்ளி பின்தங்கிப் போனார். இனி இதை நெட் சென்டர் முறையில் பத்தால் பெருக்கினால் முதலாமவர் 80 சதவீதம், இரண்டாமவர் 72 சதவீதம். உண்மையில் முதலாமவரின் சராசரி 70.8, இரண்டாமவரின் சராசரி 72. ஒருவருக்கு ஒன்பது மதிப்பெண்ணுக்கு மேல் இனாம். இன்னொருவருக்கு இனாமும் இல்லை, நஷ்டமும் இல்லை.

மாணவர்கள் சிரிக்கிறீர்கள். எல்லாத் தாளிலும் படியின் விளிம்பில் மதிப்பெண் வாங்குகிற மாணவரை நான் வேண்டுமென்றே செய்தேன் என்பது உண்மை. நாலு வருடத்தில் ஐம்பது தாள் சேரும்போது விளிம்பில் ஏறியதும் இறங்கியதும் பெருமளவு ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். அது புள்ளியியல் நமக்குச் செய்யும் உபகாரம். அடித்துக்கொண்டு போகாத பிழை ஒன்றும் இங்கே இருக்கிறது. 61 முதல் 70 வரை எது வாங்கினாலும் 7 என்றால், அந்தப் படியின் உச்சியை எல்லோருக்கும் கொடுக்கிறோம் என்று பொருள். அதைப் பத்தால் பெருக்கும்போது ஒவ்வொரு தாளுக்கும் சராசரியாக நாலரை மதிப்பெண் கூடுதலாகப் போகிறது. ஐம்பது தாள் ஆனாலும் நூறு தாள் ஆனாலும் இது குறையாது, ஏனென்றால் எப்போதும் ஒரே பக்கம் சாய்கிறது. கடைசிப் படியில் இன்னும் மோசம். எல்லாத் தாளிலும் சரியாக 50 எடுத்துத் தேறியவருக்கு சி.ஜி.பி.ஏ. 6.0. பத்தால் பெருக்கினால் 60 சதவீதம். வளாக நேர்காணலுக்கு வரும் கம்பெனிகள் 'பத்தாவது, பன்னிரண்டாவது, டிகிரி மூன்றிலும் அறுபது' என்று நிபந்தனை போடுவது உங்களுக்குத் தெரியும். 2017 ஒழுங்குமுறையில் அரியர் இல்லாமல் தேறிய ஒவ்வொருவரும் பெருக்கல் கணக்குப்படி அந்த மூன்றாவது அறுபதை எட்டியவர்தான்.

இதற்கு முந்தைய 2013 ஒழுங்குமுறையில் 50 முதல் 56 வரை 'ஈ', 5 புள்ளி. 57 முதல் 60 வரை 'டி', 6 புள்ளி. ஒரு வீட்டில் அண்ணன் 2015இல் சேர்ந்தார், தம்பி 2018இல் சேர்ந்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே கல்லூரி, ஒரே பிரிவு, இருவரும் எல்லாத் தாளிலும் 55. அண்ணனுக்கு சி.ஜி.பி.ஏ. 5.0, தம்பிக்கு 6.0. பத்தால் பெருக்கினால் அண்ணன் 50 சதவீதம், தம்பி 60 சதவீதம். தம்பிக்கு நேர்காணல் அழைப்பு வரும், அண்ணனுக்கு வராது. உண்மை இரண்டுக்கும் நட்டநடுவில் இருக்கிறது. அதே சமயம் முதல் வகுப்புக்கான எல்லையை 2017இல் 7.0 ஆக வைத்தார்கள். ஆகவே 6.9 வாங்கியவர் பெருக்கல் கணக்கில் 69 சதவீதம், வகுப்பில் இரண்டாம் வகுப்பு. 69 எடுத்தும் ஏன் ஃபர்ஸ்ட் கிளாஸ் வரவில்லை என்று தாத்தா கேட்டால் அந்தப் பிள்ளை என்ன பதில் சொல்லும்?

இப்போது கலை அறிவியல் பக்கம் வருவோம். சென்னைப் பல்கலைக்கழக வழியில் வந்த அளவுகோல் வேறு மாதிரி. அங்கே 60 முதல் 69 வரை 'ஏ', ஆனால் தரப்புள்ளி 6.0 முதல் 6.9 வரை. அதாவது மதிப்பெண்ணைப் பத்தால் வகுத்தால் அதுதான் தரப்புள்ளி. 61 எடுத்தால் 6.1. 68 எடுத்தால் 6.8. படி இல்லை, சரிவுப் பாதை. இந்த முறையில் பத்தால் பெருக்கினால் சதவீதம் அப்பழுக்கில்லாமல் திரும்பக் கிடைக்கும். நெட் சென்டர் தம்பி சொன்னது நூற்றுக்கு நூறு சரியாகும் இடம் இது.

ஆக, திண்டிவனத்தில் திரு ஆ. கோவிந்தசாமி அரசு கலைக் கல்லூரியில் இந்த அளவுகோலில் படித்து எல்லாத் தாளிலும் 61 எடுத்த மாணவி 6.1. அதே ஊரில் மேல்பாக்கம் பொறியியல் கல்லூரியில் 2017 ஒழுங்குமுறையில் எல்லாத் தாளிலும் 61 எடுத்த அவருடைய தோழி 7.0. விழுப்புரத்தில் அறிஞர் அண்ணா கலைக் கல்லூரிக்கும் காக்குப்பம் பொறியியல் கல்லூரிக்கும் இடையிலும் இதே கதைதான். இரண்டு தாளிலும் 'பத்துக்கு' என்றே அச்சாகியிருக்கும். வெளியூர் அதிகாரி ஒருவர் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பொறியியல் மாணவி எங்கோ மேலே இருக்கிறார் என்றுதான் நினைப்பார்.

கலைக் கல்லூரித் தாளில் வேறொரு சிக்கல் உண்டு. பார்ட் ஒன் தமிழ், பார்ட் டூ ஆங்கிலம், பார்ட் த்ரீ மேஜரும் அலைடும். ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனி வகுப்பு. நம் ஊரில் 'ஃபர்ஸ்ட் கிளாஸ்' என்றால் பார்ட் த்ரீயில் ஃபர்ஸ்ட் கிளாஸ் என்று எல்லோருக்கும் தெரியும். வெளியே கேட்பவருக்கு ஒற்றை எண் வேண்டும். பார்ட் த்ரீயை மட்டும் எழுதுவதா, எல்லாவற்றையும் கிரெடிட் போட்டுச் சராசரி பார்ப்பதா? இரண்டையும் எழுதி, எது எதற்கு என்று குறிப்பிடுவதே நேர்மை. கட்டத்தில் இரண்டு எண்ணுக்கு இடமிருக்காது. அப்போது கேட்டவர் எதைக் கேட்டார் என்று படித்துப் பாருங்கள்.

இந்த மாவட்டத்துக் கலைக் கல்லூரிகளுக்கு இன்னொரு சரித்திரமும் இருக்கிறது. நெடுங்காலம் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்தன. 2002இல் வேலூரில் திருவள்ளுவர் பல்கலைக்கழகம் தொடங்கியபோது அங்கே போயின. 2021 பிப்ரவரியில் விழுப்புரத்துக்கென்றே ஒரு பல்கலைக்கழகம் சட்டத்தில் பிறந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் அது அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தோடு இணைக்கப்பட்டு, விழுப்புரம், கள்ளக்குறிச்சி, கடலூர், மயிலாடுதுறை மாவட்டக் கல்லூரிகள் சிதம்பரத்தின் இணைவுக்குப் போயின. அந்த அரசியலுக்குள் நான் போகவில்லை. ஒரே கல்லூரியில் ஒரே வகுப்பறையில் தாயும் மகனும் படித்திருந்தால் இருவர் கையிலும் வெவ்வேறு பல்கலைக்கழகத்தின் முத்திரை. தாய் ஒரு வகுப்பு வாங்கியவர், மகன் ஒரு தரப்புள்ளி வாங்கியவர். இருவரும் ஒரே வேலைக்கு விண்ணப்பிக்க நேர்ந்தால், எழுதும் எண்களை ஒப்பிட யாராவது ஒரு பாலம் கட்டியாக வேண்டும்.

அந்தப் பாலத்தை அகில இந்திய அமைப்புகள் எப்படிக் கட்டின என்று பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். சி.பி.எஸ்.இ. 2009-10இல் பத்தாம் வகுப்புக்குத் தரக்குறி முறையைக் கொண்டுவந்தபோது, சி.ஜி.பி.ஏ.யை 9.5ஆல் பெருக்கினால் சதவீதம் என்று சொன்னது. 9.5 எங்கிருந்து வந்தது? அதற்கு முந்தைய ஐந்தாண்டுகளில் 91 முதல் 100 வரை எடுத்தவர்களின் சராசரி மதிப்பெண் ஏறக்குறைய 95 என்று கண்டார்கள். பத்துப் புள்ளிக்கு 95 என்றால் ஒரு புள்ளிக்கு 9.5. ஒரு வாரியம் தன் மாணவர்களின் உண்மையான மதிப்பெண்களைப் பார்த்துவிட்டுச் சொன்ன எண் என்பதால் எனக்கு அதன் மேல் மரியாதை உண்டு. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2017 படிகளுக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். 9 புள்ளிக்கு 85.5. 81க்கும் 90க்கும் நடுப்புள்ளி அதேதான். 8க்கு 76, நடுப்புள்ளி 75.5. 7க்கு 66.5, நடுப்புள்ளி 65.5. கடைசிப் படியில் மட்டும் இரண்டு மதிப்பெண் தூக்கல்.

தொழில்நுட்பக் கல்விக் குழுவான ஏ.ஐ.சி.டி.இ. தன் கையேட்டில் வேறொரு பட்டியல் போட்டது. 6.25 புள்ளி என்றால் 55 சதவீதம், 6.75 என்றால் 60, 7.25 என்றால் 65, 7.75 என்றால் 70, 8.25 என்றால் 75. சூத்திரமாக எழுதினால், சி.ஜி.பி.ஏ.யிலிருந்து 0.75ஐக் கழித்துப் பத்தால் பெருக்க வேண்டும். ஏழரை சதவீதம் அபராதம். எட்டுப் புள்ளி வாங்கியவர் இந்தக் கணக்கில் 72.5, சி.பி.எஸ்.இ. கணக்கில் 76, நெட் சென்டர் கணக்கில் 80. பேச்சின் தலைப்பில் கேட்ட கேள்விக்கு மூன்று பதில் வந்துவிட்டது.

மூன்றில் எதைப் போட்டாலும் என்ன குடி முழுகிவிடும் என்று கேட்கலாம். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 ஒழுங்குமுறைப்படி உதவிப் பேராசிரியர் ஆக முதுகலையில் 55 சதவீதம் வேண்டும், 'அல்லது தரப்புள்ளி முறையில் அதற்குச் சமமான தரம்'. ஒருவர் முதுகலையில் 6.0 வைத்திருக்கிறார். பத்தால் பெருக்கினால் 60, தகுதி உண்டு. 9.5ஆல் பெருக்கினால் 57, தகுதி உண்டு. 0.75ஐக் கழித்தால் 52.5, தகுதி இல்லை. அந்த ஒற்றை வரியில் 'சமமான' என்று எழுதினார்கள், எந்தப் புள்ளி சமம் என்று எழுதவில்லை. ஒரு குடும்பத்தின் பிழைப்பு அந்த இடைவெளியில் மாட்டிக்கொள்கிறது. மானியக் குழு 2015இல் விருப்பப் பாடத் தரமதிப்பு முறைக்கு வழிகாட்டியபோதும் ஓவுக்கு 10, ஏ பிளஸுக்கு 9, ஏவுக்கு 8 என்று பத்துப் புள்ளி அளவுகோலைக் கொடுத்தது. எந்தப் புள்ளிக்கு எத்தனை மதிப்பெண் என்பதைப் பல்கலைக்கழகங்களின் கையில் விட்டுவிட்டது. சுயாட்சிக்கு அது மரியாதை. விண்ணப்பதாரருக்குத் தலைவலி.

சதவீதமே போதுமே, எதற்கு இந்தத் தரக்குறி வம்பு என்று சில மூத்த ஆசிரியர்கள் முணுமுணுப்பது கேட்கிறது. சதவீதம் அவ்வளவு திடமான பொருளா என்றும் பார்க்க வேண்டும். 1912இல் அமெரிக்காவில் ஸ்டார்ச், எலியட் என்ற இருவர் இரண்டு ஆங்கில விடைத்தாள்களைப் படியெடுத்து உயர்நிலைப் பள்ளிகளுக்கு அனுப்பினார்கள். 142 ஆசிரியர்கள் திருத்தி அனுப்பினார்கள். ஒரு விடைத்தாளுக்குக் கிடைத்த மதிப்பெண் 64 முதல் 98 வரை. மொழிப்பாடம் அப்படித்தான், கணக்கில் நடக்காது என்று எங்களைப் போன்றவர்கள் சொல்வோம் அல்லவா? மறு ஆண்டு வடிவியல் விடைத்தாளை அனுப்பினார்கள். சிதறல் இன்னும் அகலமாக வந்தது. நாம் அமெரிக்கா வரை போக வேண்டியதில்லை. ஒவ்வொரு செமஸ்டர் முடிவு வந்ததும் விடைத்தாள் ஜெராக்ஸ் வாங்கி ரீவேல்யூவேஷனுக்குப் பணம் கட்டும் மாணவர்கள் இந்த ஆராய்ச்சியைத் தொடர்ந்து நடத்திக்கொண்டுதான் இருக்கிறார்கள். 68க்கும் 70க்கும் உள்ள வித்தியாசம் சில நேரம் திருத்துகிறவர் குடித்த காப்பியின் வித்தியாசம். ஆகவே நாலைந்து படிகளாகப் பிரித்தால் போதும் என்று நினைத்தவர்கள் முட்டாள்கள் இல்லை. படிகளாகப் பிரித்துவிட்டு, பிறகு அதையே இரண்டு தசம இடத்துக்குச் சதவீதமாகத் திருப்பிக் கொடு என்று கேட்பதுதான் கூத்து.

எங்கள் பக்கத்து விஷயம் ஒன்றைச் சொல்லிக்கொள்கிறேன். திண்டிவனம் என்றாலே வேளாண்மைக்காரர்களுக்கு டி.எம்.வி. ரக மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, ஞாபகம் வரும். அந்த மூன்று எழுத்தே இந்த ஊர்ப் பெயர்தான். மல்லாட்டை மூட்டையை விற்கக் கொண்டுபோனால் வியாபாரி எடையை மட்டும் பார்ப்பதில்லை. ஒரு கை அள்ளி உடைத்து, பருப்பு எவ்வளவு தேறுகிறது, ஈரம் எவ்வளவு என்று பார்த்துவிட்டுத்தான் விலை சொல்கிறார். மூட்டைக்கு இத்தனை பருப்பு என்று நாடு முழுவதற்கும் ஒரே சூத்திரம் போட்டால் எந்த விவசாயியும் ஒப்புக்கொள்ள மாட்டார். மதிப்பெண்ணில் மட்டும் ஒப்புக்கொள்கிறோம்.

இப்போது கடல் கடப்போம். அமெரிக்கக் கல்லூரிகளில் பொதுவாக ஏவுக்கு 4, பிக்கு 3, சிக்கு 2, டிக்கு 1. முதுகலைச் சேர்க்கைக்குக் குறைந்தது 3.0 என்று பல இடங்களில் கேட்பார்கள். எல்லாத் தாளிலும் 68 எடுத்து முதல் வகுப்பில் தேறிய நம் மாணவி விண்ணப்பிக்கிறார். அவர் தெரிந்த கணக்கைப் போடுகிறார்: நூறை நாலாக்க 25ஆல் வகுக்க வேண்டும், 68ஐ 25ஆல் வகுத்தால் 2.72. தன் கையாலேயே தன்னைத் தகுதிக்குக் கீழே தள்ளிவிட்டார். அந்த நாட்டு மதிப்பெண் பட்டியலை நேராகப் பொருத்தினால் இன்னும் கேவலம், 68 அங்கே 'டி', ஒன்றை ஒட்டிய புள்ளி. ஆனால் 1974இல் நியூயார்க்கில் தொடங்கிய டபிள்யூ.இ.எஸ். போன்ற சான்றிதழ் மதிப்பீட்டு நிறுவனங்கள் இந்தியப் பல்கலைக்கழகங்களின் 60க்கு மேற்பட்ட முதல் வகுப்பைப் பெரும்பாலும் 'ஏ' என்றே கொள்கின்றன. அதாவது 4.0. ஒரே மாணவி, ஒரே தாள். கணக்கு முறையைப் பொறுத்து 1, அல்லது 2.72, அல்லது 4.

இதில் எது நியாயம்? என் கட்சி மூன்றாவது. காரணம் சரித்திரத்தில் இருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகம் 1857இல் லண்டன் பல்கலைக்கழகத்தை முன்மாதிரியாக வைத்துத் தொடங்கப்பட்டது. அந்த மரபில் 60 என்பது நல்ல மதிப்பெண், 75 அபூர்வம். இன்றைக்கும் பிரிட்டனில் 70க்கு மேல் முதல் வகுப்பு, 60க்கு மேல் மேல்நிலை இரண்டாம் வகுப்பு. அமெரிக்க மரபோ வேறு ஊற்றிலிருந்து வந்தது. மவுண்ட் ஹோலியோக் பெண்கள் கல்லூரி 1897இல் எழுத்துத் தரம் வைத்தபோது 95க்கு மேல் ஏ, 75க்குக் கீழ் ஃபெயில். நூறு என்ற எண் இரண்டு ஊரிலும் ஒன்றுதான். நூறில் எங்கே தரை, எங்கே கூரை என்பது வேறு. நம் பள்ளிக்கும் கல்லூரிக்கும் இடையிலேயே இந்த வித்தியாசம் இருக்கிறதே. பிளஸ் டூவில் சென்டம் வாங்கிய பிள்ளை முதல் செமஸ்டரில் 62 வாங்கிவிட்டு வீட்டில் சொல்லப் பயப்படுகிறது. பிள்ளை மக்காகிவிடவில்லை, தரை மாறிவிட்டது.

ஜெர்மானியர் இந்தத் தரை விஷயத்தைச் சூத்திரத்துக்குள்ளேயே வைத்துவிட்டார்கள். அங்கே பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லாததால் நம் மாவட்டத்துப் பொறியியல் பிள்ளைகளும் விண்ணப்பிக்கிறார்கள், ஆகவே இது அவர்களுக்கு உபயோகப்படும். திருத்தப்பட்ட பவேரியச் சூத்திரம் என்று பெயர். ஜெர்மனியில் 1.0 மிக உயர்ந்தது, 4.0 தேர்ச்சியின் கடைசிப் படி. நம் அளவுகோலின் உச்ச மதிப்பிலிருந்து நீங்கள் வாங்கியதைக் கழியுங்கள். உச்சத்திலிருந்து தேர்ச்சிக்கான குறைந்தபட்சத்தைக் கழியுங்கள். முதலாவதை இரண்டாவதால் வகுத்து, மூன்றால் பெருக்கி, ஒன்றைக் கூட்டுங்கள். அவ்வளவுதான்.

எட்டுப் புள்ளி வாங்கிய நம் மாணவரை இதில் போடுவோம். 2013 ஒழுங்குமுறையில் தேர்ச்சியின் குறைந்தபட்சம் 5. பத்திலிருந்து எட்டைக் கழித்தால் 2, ஐந்தைக் கழித்தால் 5. இரண்டை ஐந்தால் வகுத்து மூன்றால் பெருக்கி ஒன்று கூட்டினால் 2.2. 2017 ஒழுங்குமுறையில் குறைந்தபட்சம் 6. இரண்டை நாலால் வகுக்க வேண்டும். விடை 2.5. பல படிப்புகளுக்கு 2.5தான் வாசல்படி. ஒருவர் தாராளமாக உள்ளே போகிறார், மற்றவர் நிலைப்படியில் நிற்கிறார். 2017இல் கடைசிப் படிக்கு ஐந்துக்குப் பதில் ஆறு கொடுத்தது மாணவருக்குச் செய்த உதவி என்று இங்கே நினைத்தோம். உள்ளூரில் 60 சதவீதமாகி உதவிய அதே ஆறு, ஜெர்மன் சூத்திரத்தில் உபத்திரவமாகிறது. நம் கலைக் கல்லூரி மாணவியின் 68க்கு, இளங்கலைத் தேர்ச்சி 40 என்று போட்டால் 2.6. மதிப்பிடுகிறவர் தெரியாமல் 50 என்று போட்டுவிட்டால் 2.92. தேர்ச்சி மதிப்பெண் எவ்வளவு என்று தாளில் எங்கே இருக்கிறது? பின்பக்கத்தில், பொடி எழுத்தில். ஜெராக்ஸ் எடுக்கும்போது நாம் வழக்கமாக விட்டுவிடுகிற பக்கம் அது.

ஒரு அளவுகோலை இன்னொன்றாக மாற்றும் வேலை நம் மாநிலத்துப் பெற்றோருக்குப் புதிதல்ல. 2007-08 முதல் பொறியியல் நுழைவுத் தேர்வு இல்லாமல் ஆனபோது, மற்ற வாரியங்களில் படித்தவர்களின் மதிப்பெண்ணை மாநில வாரியத்தோடு சமன்செய்யும் முறை வந்தது. மாநில வாரியத்தில் ஒரு பாடத்தின் உச்ச மதிப்பெண் 100, இன்னொரு வாரியத்தில் 90 என்றால், அங்கே 60 எடுத்தவருக்கு 66.66. உச்சத்தை உச்சத்தோடு கட்டுகிறார்கள். எளிமையானது, எல்லோருக்கும் புரிவது. பலவீனமும் அங்கேதான். இரண்டு வாரியத்திலும் யாரோ ஒரு பிள்ளை 100 வாங்கிவிட்டால் சூத்திரம் ஒன்றால் பெருக்கிவிட்டுச் சும்மா இருந்துவிடும். நடுவில் நிற்கும் லட்சக்கணக்கான பிள்ளைகளின் நிலைமை அதற்குத் தெரியாது.

நடுவில் நிற்பவர்களைத் தெரிந்துகொள்ள வழி இருக்கிறது. ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் பல நாட்டு அளவுகோல்களோடு மல்லுக்கட்டிச் சலித்துப்போய், சூத்திரத்தையே ஓரமாக வைத்தன. அவர்களுடைய 2015ஆம் ஆண்டுக் கையேடு கேட்பது ஒரு பட்டியல்: இந்தப் படிப்பில் தேறியவர்களில் எத்தனை சதவீதம் பேருக்கு எந்தத் தரம் கிடைத்தது என்பதைச் சான்றிதழோடு கொடுங்கள். எட்டுப் புள்ளி என்பது முதல் பத்து சதவீதத்தில் வருகிறதா, பாதிப் பேர் வாங்குவதா என்று தெரிந்துவிட்டால், பத்தால் பெருக்குவதா ஒன்பதரையால் பெருக்குவதா என்ற சண்டையே தேவையில்லை. ஐ.ஐ.டி.களில் ஒப்பீட்டுத் தரம் போடுவதன் நியாயமும் இதுதான். அங்கே எழுத்துத் தரமே வகுப்பின் போக்கைப் பார்த்து விழுகிறது. அதைச் சதவீதமாக மாற்றச் சொல்வது இல்லாத ஊருக்கு வழி கேட்பது.

நம் பல்கலைக்கழகங்களிடம் இந்தப் பட்டியல் இல்லாமல் இல்லை. தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக் கணினியில் எல்லா மாணவரின் எல்லா மதிப்பெண்ணும் இருக்கிறது. முடிவு வெளியிடும் நாளிலேயே அச்சிட்டு எடுத்துவிடலாம். சான்றிதழின் பின்பக்கத்தில் நாலு வரி கூடுதலாகப் போட்டால் போதும்: தேர்ச்சிக்கான குறைந்தபட்சப் புள்ளி, ஒவ்வொரு தரத்துக்குமான மதிப்பெண் எல்லை, பல்கலைக்கழகம் ஏற்கும் சதவீத மாற்றுச் சூத்திரம், அந்த ஆண்டு தேறியவர்களில் தரவாரியான விழுக்காடு. மாற்றுச் சான்று வேண்டுமென்று தனியே விண்ணப்பம் போட்டு, கட்டணம் கட்டி, சென்னைக்கும் சிதம்பரத்துக்கும் பஸ் ஏறும் அலைச்சல் மிச்சமாகும். செஞ்சிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வருகிற முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு அந்த அலைச்சல் ஒரு நாள் கூலி. ஆட்சிமன்றக் குழுக்களில் இருக்கும் பெரியவர்கள் இந்த மேடையிலேயே இருக்கிறீர்கள். அடுத்த கூட்டத்தில் வையுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். வேலைக்கு ஆள் எடுக்கிறவர்களும் 'சதவீதம்' என்ற கட்டத்துக்குப் பக்கத்தில் 'அல்லது சி.ஜி.பி.ஏ.' என்று ஒரு கட்டம் திறந்து வைத்தால் பாதிப் பிரச்சினை தீரும்.

மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. கேட்காத இடத்தில் மாற்றாதீர்கள். தாளில் பத்துக்கு 7.2 என்றிருந்தால் 7.2/10 என்றே எழுதுங்கள். பல அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் 'உங்கள் அளவுகோலிலேயே எழுதுங்கள், மாற்றாதீர்கள்' என்று விண்ணப்பத்திலேயே சொல்லியிருக்கும், யாரும் படிப்பதில்லை. மாற்றியே ஆக வேண்டும் என்றால் விளம்பர அறிவிப்பில் அவர்கள் ஒரு சூத்திரம் கொடுத்திருக்கிறார்களா என்று பாருங்கள். இல்லையென்றால் உங்கள் பல்கலைக்கழகம் எழுத்தில் தந்த சூத்திரத்தைப் பயன்படுத்தி, எதைப் பயன்படுத்தினீர்கள் என்று ஒரு வரி எழுதிவையுங்கள். சான்றிதழ் சரிபார்ப்பில் கேள்வி வந்தால் அந்த ஒரு வரிதான் துணைக்கு வரும். 6.74ஐ 6.75 ஆக்கும் வேலை மட்டும் வேண்டாம். அது சரிபார்ப்பு மேசையில் மாட்டிக்கொள்ளும்.

மதிப்பெண் தாளை ஸ்கேன் செய்யும்போது பின்பக்கத்தையும் சேர்த்து ஸ்கேன் செய்து அனுப்புங்கள்.